எல்லா செடிக்கும் ஒரே பக்கெட் தண்ணியா? கத்திரி வெயிலுக்கு முன்னாடி வீட்டுத் தோட்டத்துல இதைக் கவனிங்க!

போன வருஷம் சித்திரை மாதம். மதியம் ஒன்றரை மணி இருக்கும். தா.பழூரில் இருக்கும் அம்மாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. மாடித் தொட்டியில் இருந்த செம்பருத்தி தலை தொங்கிப்போய் நின்றது. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: `வாடுதே, என்ன பண்றது?' ஆபீஸ் அவசரத்தில், `இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்துமா' என்று தட்டிவிட்டேன். அடுத்த நாளும் அதே கேள்வி, அதே பதில். மே மாதக் கடைசியில் ஊருக்குப் போனபோது 22 தொட்டிகளில் 9 காலி. கவிழ்த்துக் கொட்டிப் பார்த்தால், மூன்றுதான் காய்ந்து செத்திருந்தன. மீதி ஆறிலும் மண் சொதசொதவென்று இருந்தது. வேர் கறுத்து, அழுகல் வாடை. அந்த ஆறையும் கொன்றது வெயில் இல்லை, நான்தான். அதுவும் சென்னையில் உட்கார்ந்துகொண்டு, அம்மா மாடிப்படி ஏறித் தூக்கிச் சுமந்த தண்ணியை வைத்து.

அதனால் இந்த வருஷம் பங்குனியிலேயே லீவு போட்டுக் கிளம்பிவிட்டேன். கும்பகோணத்திலிருந்து நீலத்தநல்லூர் - மதனத்தூர் பாலம் வழியாக எங்கள் ஊருக்கு வந்தால், இந்த மாதத்தில் கொள்ளிடம் எப்படி இருக்கும் என்று தெரியும். கண்ணுக்கு எட்டிய தூரம் மணல்தான். மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடி, ஜூன் 12-ல்தான் திறப்பார்கள். அதற்குப் பிறகும், காவிரியில் தண்ணி மிஞ்சினால்தான் கொள்ளிடத்துக்கு வரும். ஆக, பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் போர் தண்ணியும் குழாய்த் தண்ணியும்தான் கதி. ஒவ்வொரு குடத்துக்கும் கணக்கு இருக்கும் நேரத்தில், அந்தத் தண்ணியையே ஊற்றிச் செடியைச் சாகடிப்பது எவ்வளவு பெரிய வீண்!

அக்னி நட்சத்திரம் பெரும்பாலும் மே 4-ம் தேதி வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும். அதற்கு முன்னாடி கிடைக்கும் இந்த ஐந்தாறு வாரம்தான் வீட்டுத் தோட்டத்துக்கு முக்கியமான நேரம். கத்திரி தொடங்கியபிறகு நாம் செய்ய முடிகிற வேலை குறைவு.

மதியம் வாடினால் பதறாதீங்க

எங்கள் அப்பாயி ஒன்று சொல்லும். `மத்தியானம் வாடுற செடியும் மத்தியானம் தூங்குற புள்ளையும் ஒண்ணுதான். சாயங்காலம் தானா எந்திரிச்சிடும்.' சின்ன வயதில் கிண்டலாகத் தெரிந்தது. இப்போது படித்துப் பார்த்தால் விஷயம் சரியாகத்தான் இருக்கிறது.

இலையில் இருக்கும் நுண்துளைகள் வழியாகத் தண்ணி ஆவியாக வெளியே போகும். உச்சி வெயிலில் அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து வேரால் மேலே தண்ணி அனுப்ப முடியாது. மண்ணில் ஈரம் இருந்தாலும் முடியாது. அதனால் இலை தொங்கிவிடும். பூசணி, சுரை, செம்பருத்தி மாதிரி பெரிய இலைச் செடிகளில் இது அதிகம். வெயில் இறங்கியதும் தானாக நிமிர்ந்துவிடும். சாயங்காலம் ஆறு மணிக்கும் நிமிரவில்லை என்றால்தான் அது உண்மையான தாகம்.

இங்கேதான் சிக்கல். தண்ணி அதிகமாகி வேர் மூச்சுத் திணறும் செடியும் இதே மாதிரிதான் வாடும். வேருக்குக் காற்று வேண்டும். மண் துளைகள் முழுக்கத் தண்ணி நின்றால் வேர் வேலை செய்யாது, மேலே தண்ணி போகாது, இலை தொங்கும். நாம் அதைப் பார்த்து இன்னும் ஒரு சொம்பு ஊற்றுவோம். எங்கள் வீட்டு ஆறு தொட்டிகளின் கதை அதுதான்.

கண்ணை நம்பாமல் விரலை நம்புங்கள். ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் ஒட்டினால் இன்றைக்குத் தண்ணி வேண்டாம். காய்ந்திருந்தால், அடி ஓட்டை வழியாக வழியும்வரை ஊற்றுங்கள். தினமும் மேலாக அரை சொம்பு தெளிப்பது ரொம்பக் கெட்ட பழக்கம். மேல்மண் மட்டும் நனைவதால் வேரும் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும், முதல் வெயிலிலேயே வெந்துவிடும். தேங்காய்நார்க் கழிவு போட்ட தொட்டி ஒருமுறை முழுதாகக் காய்ந்துவிட்டால், ஊற்றுகிற தண்ணி ஓரமாகவே வழிந்து ஓடிவிடும். அப்போது தொட்டியையே ஒரு பக்கெட் தண்ணிக்குள் பத்துப் பதினைந்து நிமிஷம் இறக்கி வைத்து எடுக்க வேண்டும்.

நேரம்? காலை ஏழு மணிக்குள். அதற்கு ஒரு கூடுதல் காரணம், மொட்டை மாடியில் இருக்கும் தண்ணித் தொட்டி. பதினொரு மணிக்கு மேல் அதில் வருவது வெந்நீர். ஹோஸ் பைப் வெயிலில் கிடந்தால் இன்னும் மோசம். முதலில் வரும் தண்ணியைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டுச் செடிக்குக் காட்டுங்கள். `வெயில்ல இலைமேல தண்ணி பட்டா லென்ஸ் மாதிரி எரிச்சிடும்' என்று சொல்வார்களே, 2010-ல் ஹங்கேரி ஆய்வாளர்கள் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். வழவழப்பான இலைகள் கருகவில்லை. மயிர் மாதிரி சுணை உள்ள சில இலைகளில், துளி இலையைத் தொடாமல் உயரத்தில் நிற்பதால், கருக வாய்ப்பு இருந்தது. மற்றபடி அந்தப் பயம் பெரும்பாலும் வீண்.

தாகத்தில் பூக்கிற கூட்டம்

எல்லாச் செடிக்கும் ஒரே அளவு தண்ணி என்பதுதான் நாங்கள் செய்த இரண்டாவது தப்பு. கோடையில் பூக்கிற செடிகளில் பாதி, தண்ணி குறைந்தால்தான் சந்தோஷமாகப் பூக்கும்.

காகிதப்பூவை எடுத்துக்கொள்ளுங்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த கொடி. நாம் பூ என்று நினைக்கும் கலர் கலரான காகிதம் உண்மையில் பூ இல்லை, நிறம் மாறிய இலை. நடுவில் குட்டியாக வெள்ளையாக இருப்பதுதான் பூ. தினமும் தண்ணி ஊற்றினால் பச்சையாக இலை விட்டுக்கொண்டே போகும். மண் நன்றாகக் காய்ந்து, இலை லேசாகத் துவளும்போது ஊற்றினால் கொத்துக் கொத்தாகப் பூக்கும். (இந்தச் செடியின் பெயர்க் கதை சுவாரஸ்யமானது. 1760-களில் பூகன்வில் என்ற பிரெஞ்சு மாலுமியின் உலகப் பயணத்தில் போன தாவரவியலாளர் கொமர்சோன், பிரேசிலில் இதைப் பார்த்து அவர் பெயரை வைத்தார். அவருடைய உதவியாளராக ஆண் வேஷத்தில் கப்பல் ஏறிய ழான் பாரே, உலகைச் சுற்றிவந்த முதல் பெண் என்று அறியப்படுகிறார்.)

சரக்கொன்றைக்கு நாம் எதுவுமே செய்யத் தேவையில்லை. இலையெல்லாம் கொட்டிவிட்டு, சித்திரையில் மஞ்சள் சரமாகத் தொங்கும். கேரளாவில் விஷுக்கணிக்கு இதுதான். தாய்லாந்துக்கு இதுவே தேசிய மலர். வளர்ந்த மரத்துக்கு ஊற்றுகிற தண்ணியை மிச்சம் பிடித்து வேறு செடிக்குக் கொடுங்கள்.

கொல்லையில் வேப்பமரம் இருந்தால் இப்போதே பழைய வேட்டியையோ புடவையையோ அடியில் விரித்துவிடுங்கள். ராத்திரி உதிரும் பூவைக் காலையில் அள்ளி, நிழலில் உலர்த்தி, டப்பாவில் போட்டால் ஏப்ரல் 14 பச்சடிக்கும் ஆகும், வருஷம் முழுக்க ரசத்துக்கும் ஆகும். வெயிலில் உலர்த்தினால் வாசனை போய்விடும். நடுவில் ஒரு கோடை மழை பெய்தால் பூ மொத்தமும் கொட்டி வீணாகிவிடும். அதனால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

முருங்கையும் இந்தக் கூட்டம்தான். பூத்திருக்கும்போது தண்ணி தேங்கினால் பூ உதிரும். முருங்கைக்கு இப்போது தேவை வேறு: ரொம்ப நீளமாக, பாரமாகப் போன கிளைகளைக் கழித்துவிடுவது. கோடை மழையோடு வரும் காற்றில் முதலில் முறிவது முருங்கைதான். அது எங்கள் வீட்டு ஓட்டு மேல் விழுந்ததுண்டு. பக்கத்து வீட்டு அத்தை வீட்டு ஓட்டு மேலும் விழுந்ததுண்டு. இரண்டாவதற்குத்தான் பேச்சு வாங்கினோம்.

கறிவேப்பிலை இப்போது வெள்ளைப் பூ எடுக்கும். இலைக்காக வளர்க்கிறவர்கள் பூங்கொத்தைக் கிள்ளிவிடலாம். சத்து பழத்துக்குப் போகாமல் துளிருக்கு வரும்.

மல்லிக்கு மட்டும் தனிக் கணக்கு

மல்லி வெயிலை விரும்பும், ஆனால் தாகத்தைத் தாங்காது. சமவெளியில் நவம்பர் கடைசியில் கவாத்து செய்த செடி, மார்ச்சில் பூக்கத் தொடங்கும். தோட்டக்காரர்கள் கார்த்திகையில் செடியைப் பாதியாக வெட்டுவதைப் பார்த்துவிட்டு, `நாம மறந்துட்டோமே' என்று பங்குனியில் கத்தரியை எடுக்காதீர்கள். இப்போது மொட்டோடு இருக்கும் செடியை மொட்டை அடித்தால் இந்த வருஷப் பூ போச்சு. ஒரு சுற்று பூத்து முடிந்ததும், பூத்த நுனியை மட்டும் இரண்டு இலைக்குக் கீழே கிள்ளிவிடுங்கள். மல்லி புதுத் துளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். கிள்ளக் கிள்ளக் கிளை, கிளைக்குக் கிளை மொட்டு.

பறிப்பது விடியற்காலையில், மொட்டாக இருக்கும்போதே. சாயங்காலம் தலையில் வைக்கும்போதுதான் அது மலர வேண்டும். மொட்டு ஊதா நிறமாக மாறி ஓட்டை தெரிந்தால் உள்ளே மொட்டுப்புழு இருக்கிறது. அந்த மொட்டுகளைப் பறித்துக் குப்பையில் போடாமல் சோப்புத் தண்ணியில் போட்டுவிடுங்கள். செடியடியில் போட்டால் புழு மண்ணுக்குள் போய் திரும்ப வரும்.

மல்லிக்கு இன்னொரு வேண்டுகோள்: மதுரையில் இருக்கிற மாதிரி மணக்கவில்லை என்று உரத்தைக் கொட்டாதீர்கள். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே அந்த மண்ணுக்கும் சேர்த்துத்தான்.

மண்ணுக்குக் குடை பிடிங்க

செடிக்கு நிழல்வலை கட்ட வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். 50 சதவிகித நிழல்வலை, மேற்குப் பக்கம் கட்டாயம், ஏனென்றால் மதியத்துக்கு மேல் அடிக்கிற வெயில்தான் கொடுமை. வலை வாங்கக் காசில்லை என்றால் பழைய வெள்ளை வேட்டி போதும். ஆனால் அதைவிட முக்கியம் மண்.

கறுப்புத் தொட்டியும் கறுப்பு குரோ பேக்கும் வெயிலை அப்படியே வாங்கி வேருக்குக் கடத்தும். மதியம் அதன் பக்கவாட்டில் கை வைத்துப் பாருங்கள், இழுத்துக்கொள்வீர்கள். நாங்கள் செய்தது: தொட்டிகளை ஒன்றோடு ஒன்று ஒட்டி நெருக்கி வைத்தோம். ஒன்றின் நிழல் இன்னொன்றுக்கு. மேற்கு ஓரத் தொட்டிகளுக்கு வெளியே ஈரச் சாக்கு சுற்றினோம். தரையிலிருந்து தூக்க இரண்டு செங்கல். காங்கிரீட் தளம் ராத்திரி பத்து மணி வரைக்கும் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும்.

அடுத்து மூடாக்கு. மண் மேல் இரண்டு மூன்று அங்குலத்துக்கு வைக்கோல், கரும்புச் சோகை, காய்ந்த இலை, நிலக்கடலைத் தோல், எது கிடைத்தாலும். எங்கள் பக்கம் நெல்லும் கரும்பும் கடலையும் விளைவதால் இதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை, கேட்டாலே தருவார்கள். தண்டை ஒட்டி மட்டும் ஒரு விரல் அளவு இடம் விடுங்கள், இல்லையென்றால் தண்டு அழுகும். மூடாக்கு போட்டபிறகு, தினமும் கேட்ட தொட்டிகளில் பாதி ஒருநாள் விட்டு ஒருநாள் கேட்டன. அம்மாவுக்கு மாடிப்படி மிச்சம்.

தரையில் செடி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழி, புதைத்த பானை. பளபளப்பு பூசாத மண்பானையைக் கழுத்து வரை புதைத்து, தண்ணி நிரப்பி மூடிவிட வேண்டும். பானைச் சுவர் வழியாகக் கசிந்து, மண் காய்ந்தால் அதிகமாகவும் ஈரமாக இருந்தால் குறைவாகவும் தண்ணி வெளியேறும். சுமார் 2,000 வருஷத்துக்கு முந்தைய சீன வேளாண் நூல் ஒன்றில் இதே முறை இருக்கிறது. சுற்றி ஒரு அடிக்குள் பாகல், வெள்ளரி, மிளகாய் வைக்கலாம். தண்ணி நிரப்ப இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தால் போதும்.

தொட்டி ஓரத்தில் வெள்ளையாகப் படலம் இருக்கிறதா? அது போர் தண்ணியின் உப்பு. தண்ணி ஆவியாகிப் போகும், உப்பு தங்கிவிடும். அரியலூர் மாவட்டத்தின் நிலத்துக்கு அடியில் பல இடங்களில் சுண்ணாம்புக்கல் இருப்பது தெரிந்ததுதான். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி கடல் இருந்த இடம் இது. சிமென்ட் ஆலைகள் வந்ததும் அதனால்தான். சுண்ணாம்பு அதிகமான மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. துளிர் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அநேகமாக அதுதான். கத்திரிக்கு முன்னாடி ஒருநாள், தொட்டியின் அடி வழியாக நன்றாக வழியும்வரை, அரை மணி நேர இடைவெளியில் இரண்டு முறை தண்ணி விட்டு உப்பைக் கழுவிவிடுங்கள். அதற்குப் பிறகு மண் காயும்வரை தொட வேண்டாம். கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றுகிற பாட்டி வைத்தியம் காரணம் இல்லாதது இல்லை, மோர் புளிப்பு.

உரம்? கத்திரி முடியும்வரை கை வைக்காதீர்கள். காய்ந்த மண்ணில் ரசாயன உரம் போட்டால் அது வேரிலிருந்தே தண்ணியை உறிஞ்சிவிடும். செடியை வேறு தொட்டிக்கு மாற்றுவதும் இப்போது வேண்டாம், ஆடி வரட்டும்.

பூ இருக்கு, காய் எங்கே?

இந்த சீசனில் அதிகம் வருகிற புலம்பல் இது. தக்காளிக்கு விடை எளிது: பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் புழுக்கமாக இருந்தால் மகரந்தம் பலனில்லாமல் போய் பூ உதிரும். அதனால் புதிதாகத் தக்காளி நடாதீர்கள். வெண்டை, கொத்தவரை, காராமணி, தண்டுக்கீரை, அரைக்கீரை போடுங்கள். வெண்டை 45 நாள் வாக்கில் காய்க்கத் தொடங்கும், கீரை 25 நாளில் வாணலிக்கு வரும்.

சுரை, பீர்க்கை, பூசணி, பாகல் கதை வேறு. ஒரே கொடியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. பெண் பூவுக்கு அடியில் குட்டிப் பிஞ்சு இருக்கும், ஆண் பூவுக்கு வெறும் காம்புதான். முதலில் ஆண் பூக்கள்தான் வரும். வெப்பம் அதிகமானால் ஆண் பூக்கள் இன்னும் கூடும். பெண் பூ வந்தபிறகும் தேனீ வரவில்லை என்றால் பிஞ்சு மஞ்சளாகி விழுந்துவிடும். மாடித் தோட்டத்தில் தேனீ கம்மி. அப்போது நாமே தேனீ ஆக வேண்டியதுதான்.

இதில் நிறைய பேர் தவறுவது நேரத்தில். பூசணி, பாகல், வெள்ளரி காலையில் மலரும். சுரையும் பீர்க்கையும் சாயங்காலம் மலரும். காலையில் சுரைக்குப் போய் நின்றால் மூடிய பூவைத்தான் பார்ப்பீர்கள். நானும் அம்மாவும் ஆறரை மணிக்கு மேல் போன் டார்ச்சோடு மாடிக்குப் போனோம். ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தேய்க்க வேண்டும். அவ்வளவுதான், பத்து நொடி வேலை. பக்கத்து மாடியிலிருந்து அத்தை, `என்ன, ரெண்டு பேரும் டார்ச் அடிச்சு எதைத் தேடுறீங்க?' என்று கேட்டார். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

வெள்ளையாக ஒட்டியிருந்தால்

செம்பருத்தி நுனியில் பஞ்சு மாதிரி ஒட்டியிருப்பது மாவுப்பூச்சி. வெயில் ஏற ஏற இது பெருகும். எறும்பு வரிசையாக ஏறினால் சந்தேகமே வேண்டாம். மாவுப்பூச்சி விடும் இனிப்புக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும். நுனியை வெட்டி எடுத்துவிட்டு, மீதிக்கு வேகமாகத் தண்ணி பீய்ச்சுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து, சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் தெளியுங்கள். வெயிலில் எண்ணெய் பட்டால் இலை கருகும்.

கடையில் கேட்டதும் கொடுக்கும் கடும் பூச்சிமருந்துக்கு உடனே போகாமல் இருக்க ஒரு காரணம் உண்டு. 2008-ல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று தமிழ்நாடு முழுக்கப் பரவியது. மருந்தடித்து முடியவில்லை. 2010-ல் பியூர்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்ட, கொசுவைவிடச் சின்ன ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது. கடும் மருந்து அடித்தால் முதலில் சாவது அந்த மாதிரி குளவிகள்தான்.

இலைக்கு அடியில் மெல்லிய வலை, மேலே புள்ளி புள்ளியாக வெளிறல் என்றால் சிலந்திப்பேன். வறண்ட சூடு அதற்குக் கொண்டாட்டம். காலையில் இலையின் அடிப்பக்கம் தண்ணி பீய்ச்சினாலே பாதி போய்விடும். புரியாத நோயாக இருந்தால், தா.பழூர்ப் பக்கத்தவர்களுக்கு சோழமாதேவியில் வேளாண் அறிவியல் மையம் இருக்கிறது. நோய் பட்ட இலையை ஒரு கவரில் போட்டு எடுத்துப் போய்க் காட்டலாம்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருப்பவர்கள், குருவிக்குத் தண்ணி வைப்பவர்கள், இரண்டு நாளுக்கு ஒருமுறை அதைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு கொசுவுக்கு அந்த அளவு தண்ணியே தாராளம்.

நான் சென்னை திரும்பி நான்கு நாள் ஆகிறது. நேற்று மதியம் ஒன்றரை மணிக்கு வாட்ஸ்அப்பில் மறுபடியும் ஒரு போட்டோ. செம்பருத்தி தொங்கிக்கொண்டிருந்தது. நான் பதில் தட்டுவதற்குள் அம்மாவே வாய்ஸ் மெசேஜ் போட்டுவிட்டார்: `விரலை விட்டுப் பாத்துட்டேன், ஈரமாத்தான் இருக்கு. ஊத்தலை.' சாயங்காலம் இன்னொரு போட்டோ வந்தது, சுரைப் பிஞ்சு. லேசாகப் பருத்திருக்கிற மாதிரிதான் தெரிகிறது. நிற்குமா, உதிருமா என்று இன்னும் இரண்டு நாளில் தெரிந்துவிடும்.